சுங்கை சிப்புட்டில் ஒரு சைட்கார்

வெள்ளி, இரவு

மச்சான் தன் யூரல் வண்டியை, பக்கத்தில் ஆள் உட்காரும் சைட்கார் பூட்டிய ரஷ்ய மோட்டார் சைக்கிளை, விற்கப்போகிறார். எனக்கு அதை வாங்க ஆசை. என் மனைவிக்கு அந்த ஆசையில் பங்கு இல்லை. "அண்ணன் விற்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. போய் ஓட்டிப் பாருங்கள். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லிக் கிள்ளானிலிருந்து அனுப்பிவைத்தாள். மாமியாரிடம் ஏன் கேட்கவேண்டும் என்றால், அந்த வண்டியின் சைட்காரில் இதுநாள்வரை உட்கார்ந்து போனவர் அவர்தான்.

இடிஎஸ் விரைவு ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே, பழைய கூட்டரசுச் சாலையின் இரு பக்கமும் கடை வரிசையாக நீளும் ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. சுதந்திர மலாயாவின் அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் இது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நிலைகுலைந்து நின்றபோது, அவர்கள் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். இங்கே எந்தப் பெரியவரோடு பேசினாலும் பேச்சு எப்படியாவது அவரிடம் போய் நிற்கும்.

மச்சான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாசலில் கார் நிற்கவேண்டிய இடத்தில் யூரல் நிற்கிறது. இபிஎஃப் (சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, பதிவு வேலையெல்லாம் முடித்து வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கினார். அன்றைக்குக் குடும்பமே அவரைப் பைத்தியம் என்றது. நானும்தான்.

பச்சை நிறம். 749 சிசி. இரண்டு சிலிண்டர்கள் எஞ்சினின் இரு பக்கமும் படுத்த வாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். 41 குதிரைத்திறன் என்பது இந்த அளவுள்ள எஞ்சினுக்குச் சொற்பம். என்னிடம் முன்பு இருந்த ஜப்பானிய வண்டி இதைவிடச் சிறிய எஞ்சினில் இதைவிடக் கூடுதலாகத் தரும். ஆனால் அது முந்நூறு கிலோவைத் தாண்டிய இரும்பையும், மாமியாரையும், கோவிலுக்கான தேங்காய் மூட்டையையும் ஒன்றாக இழுக்கவேண்டியதில்லை.

முக்கியமான செய்தி: சைட்கார் வலது பக்கம் இருக்கிறது. ரஷ்யாவில் சாலையின் வலது பக்கம் ஓட்டுவார்கள், அதனால் அங்கே அது ஓரத்துப் பக்கம். இங்கே அது நடுக்கோட்டுப் பக்கம். வண்டியைச் சுற்றி வந்து இதைச் சொன்னேன். மச்சான் சிரித்தார். "நாளைக்குக் கோலகங்சார் போகும்போது தெரியும், மாப்பிள்ளை" என்றார்.

அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் தூங்கிவிட்டார்.

சனி, இரவு

காலை ஏழு மணிக்கே பழைய தோட்டத்துப் பந்துத் திடலுக்குப் போய்விட்டோம். கம்பம் இருந்த இடத்தில் இப்போது மாடு கட்டியிருக்கிறார்கள். பயிற்சிக்கு அதுவே போதும்.

இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சைட்கார் ஓட்டுவது எளிது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தெரிந்ததுதான் தொல்லை. இரண்டு சக்கரத்தில் வளைவு வந்தால் உடம்பு தானாகச் சாயும், வண்டியும் கூடவே சாயும். இது சாயாது. மேசையைத் திருப்புவதுபோல் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பவேண்டும். அதற்குத் தோளும் முதுகும் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வண்டி சைட்கார் பக்கம் இழுக்கும். அந்தப் பக்கத்து எடை பின்தங்கி நிற்கிறது, காரணம் அவ்வளவுதான். பிரேக் பிடித்தால் அதே எடை முன்னே போகப் பார்க்கும், வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த வண்டியில் மூன்று சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருப்பதால் பிரேக்கில் வரும் இழுப்பு குறைவு. கிளட்ச்சை விடும்போது வரும் இழுப்புக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ளவேண்டியதுதான்.

அடுத்தது, சக்கரம் தூக்குவது. சைட்கார் இருக்கும் பக்கம் வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் தரையைவிட்டு எழும். ஆளில்லாத சைட்கார் என்றால் இன்னும் சுலபமாக எழும். மச்சான் அதற்குள் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார். "ஆள் இல்லாமல் போனால் அரிசி. இரண்டும் இல்லாமல் போகவே கூடாது" என்றார். திடலில் வலப்பக்க வட்டம் போடும்போது அந்தச் சக்கரம் லேசாக எழும்பியது. வண்டி ஒரு பக்கம் மூச்சுவிட்டதுபோல் இருந்தது. கையை இறுக்காமல் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைக் கொஞ்சம் நேராக்கினால் இறங்கிவிடுகிறது. பயந்து இன்னும் திருப்பினால்தான் ஆபத்து. எதிர்த்திசையில் திரும்பும்போது சைட்காரின் மூக்கு தரையை அமுக்கும், பின்சக்கரம் இலேசாகும். அது அவ்வளவு பயமுறுத்துவதில்லை, ஆனால் வேகத்தில் அதுவும் கவிழ்க்கும்.

இடது பக்கம் ஓட்டும் நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் விவகாரம் இருக்கிறது. சந்திப்பில் வலது பக்கம் திரும்பும்போதுதான் நாம் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து அவசரப்படுவோம். சக்கரம் எழுவதும் அதே வலது திருப்பத்தில்தான். இடது பக்கம் சைட்கார் வைத்த வண்டியாக இருந்தால் அந்த அவசரத்தில் சக்கரம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இதை நான் சொன்னதும் மச்சான், "அதனால்தான் நான் சந்திப்பில் அவசரப்படுவதே இல்லை. பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும்" என்றார்.

பத்து மணிக்குக் கோலகங்சார். மச்சான் ஓட்டினார், அத்தை சைட்காரில், நான் மச்சானுக்குப் பின்னால். மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் சட்டப்படி போகலாம் என்பது இதன் முதல் பெரிய நன்மை. அத்தைக்கு ஹெல்மெட், அதற்குள்ளே கைக்குட்டை, மடியில் கூடை. முழங்கால் வலியால் காரின் பின்கதவில் குனிந்து ஏறுவது அவருக்குப் பெரிய பாடு. சைட்காரில் மச்சான் ஒரு சிறிய மரப்பெட்டியைப் படியாக வைக்கிறார். அதில் ஏறி, ஒரு காலை உள்ளே வைத்து, கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார். காரில் போனால் அத்தைக்குக் குமட்டும், ஏர்கண்டிஷன் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் மச்சான் கார் வாங்கவில்லை. இந்தப் பணத்தில் ஒரு நல்ல மைவி காரே வாங்கியிருக்கலாம் என்று எல்லோரும் சொல்லி ஓய்ந்தது இதனால்தான்.

பழைய சாலையில் சாலாக் பக்கம் போகும்போது நேற்றைய சிரிப்பின் பொருள் புரிந்தது. ஓட்டுகிறவர் சாலையின் இடது ஓரத்தில் ஒடுங்கிப் போகிறார். சைட்கார் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால், அது கோட்டைத் தாண்டாமல் இருக்க மோட்டாரை ஓரத்துக்குத் தள்ளியாகவேண்டும். ஓரத்தில்தான் சரளையும் உடைசலும். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஓட்டுகிறவருக்கு லாரியின் பின்பக்கத்தைத் தவிர எதுவும் தெரியாது. வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு எதிரே வருவதெல்லாம் தெரியும். "பொறு... பொறு... பஸ் வருகிறது" என்று கையைக் காட்டுகிறார். வழி காலியாக இருக்கும்போதுகூட மச்சான் முந்துவதில்லை. அத்தையின் கண்ணை நம்பி லாரியை முந்துகிற வயது தாண்டிவிட்டது என்கிறார். எண்பதுக்கு மேல் அவர் போவதும் இல்லை. அதற்கு மேல் போனால் அதிர்வும் காற்றும் சத்தமும் சேர்ந்து, போகிற மகிழ்ச்சியைத் தின்றுவிடுகின்றன.

வலப்பக்கச் சைட்காருக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நம் சாலைகள் தண்ணீர் வழிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், அதனால் வண்டி இடது பக்கம் இறங்கப் பார்க்கும். சைட்காரோ வலது பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று தின்றுவிடுவதால் நேர்ச்சாலையில் கை சும்மா இருக்கிறது. ரஷ்யர்கள் எதிர்பார்க்காத வரவு!

குழி மட்டும் தீராத வழக்கு. இரண்டு சக்கரத்துக்கு ஒரே தடம், குழியைத் தாண்டி ஒதுங்கிவிடலாம். இதற்கு இரண்டு தடம். மோட்டாரைத் தப்பவைத்தால் அத்தை விழுவார், அத்தையைத் தப்பவைத்தால் மச்சான். எப்போதும் தானே விழுவதாக மச்சான் முடிவெடுத்திருக்கிறார்.

கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் அந்தப் பழைய பால்மரத்தைப் பார்த்தோம். 1877இல் இங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சி நிற்பது. இத்தனை தோட்டங்களுக்கும், நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறியதற்கும் தொடக்கத்தில் நின்ற மரங்களில் ஒன்று. திருமணத்துக்கு முன்பிலிருந்தே பால்மரம் சீவிய அத்தை அதை ஒரு சுற்று சுற்றிவந்தார். அடிமரத்தைப் பார்த்தார். "பட்டை கல்லாகிவிட்டது. இதில் கத்தி வைத்தால் கத்திதான் போகும்" என்றார். பிறகு வேலியோரம் நின்று, "மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். அது பாராட்டா, குறையா என்று நான் கேட்கவில்லை. ஆற்றோரத்தில் லக்சா சாப்பிட்டோம்.

திரும்பிவருவதற்குள் வண்டியைப் பற்றி விசாரித்தவர்கள்: பெட்ரோல் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர், லக்சா கடையில் ஒரு மலாய்க் குடும்பம், சிக்னலில் ஒரு சீனத் தாத்தா, வீட்டருகே மூன்று பையன்கள். யூரல் வைத்திருப்பவர்களிடையே இதற்கென்றே "யூரல் தாமதம்" என்று ஒரு பேச்சு உண்டு. எங்கே நிறுத்தினாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் புறப்படமுடியும். அத்தைக்கு இது பிடித்திருக்கிறது. மச்சானுக்கு அலுத்துவிட்டது. நான் இன்னும் அலுக்காத நிலையில் இருக்கிறேன்.

மாலையில் மச்சான் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். விற்கும் காரணம் அதுதான். தொலைதூரம் ஓட்டக்கூடாது, ஊருக்குள் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று போய்வந்ததே அவருக்கு அதிகம். அத்தையோ களைப்பே இல்லாமல் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரைத் தட்டையும் தைலக் குப்பியையும் அருகருகே பார்த்தபோது இந்த வண்டியின் கணக்கு எனக்கு விளங்கியது. சுகம் முழுக்க உட்கார்ந்து வருகிறவருக்கு, உழைப்பு முழுக்க ஓட்டுகிறவருக்கு. கிள்ளானில் எனக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற கேள்விதான் இனி மிச்சம். மனைவி உட்காரமாட்டாள் என்பது தெரியும். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள்.

மழை விட்டால் நாளை லிந்தாங் பக்கம்.

ஞாயிறு, இரவு

மழை விடவில்லை, ஆனால் தூறலாகக் குறைந்தது. இன்று நான் ஓட்டினேன். மச்சான் தன் சைட்காரில் உட்கார்ந்தார், அவர் உட்காருவது இதுவே முதல் தடவையாம்! வாங்கிய நாள் முதல் ஓட்டிக்கொண்டே இருந்தவர்.

சந்தையருகே ரொட்டிக்காரர் எங்களை நிறுத்தினார். அவருடையதும் சைட்கார்தான்: பழைய ஹோண்டா கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), இடது பக்கத்தில் ரொட்டிப் பெட்டி, உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த குழாய்ச் சட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். தொழிற்சாலையில் செய்தது என்பதன் அர்த்தம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. கப்சாயின் சட்டம் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கச் செய்ததல்ல, அதனால் பின்சக்கரத்துப் பேரிங் அடிக்கடி போகும் என்று அவரே சொன்னார். பெட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. யூரலில் மோட்டாரின் சட்டமே சைட்காரை மனத்தில் வைத்து வரைந்தது. நான்கு இடங்களில் பிணைத்திருக்கிறார்கள். முன் ஃபோர்க் சாதாரண மோட்டாரில் இருப்பதுபோல் இல்லாமல், கீழே நெம்புகோல்போல் முன்னால் நீண்ட கையில் சக்கரத்தைத் தாங்குகிறது. இதனால் திருப்புவதற்கு வேண்டிய பலம் குறைகிறது. குறைந்தே இவ்வளவு என்றால், குறையாவிட்டால் எவ்வளவு என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை. மூன்று சக்கரமும் ஒரே அளவு, சைட்காருக்குப் பின்னால் தொங்கும் ஸ்பேர் எதற்கும் பொருந்தும்.

ரொட்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உதிரி பாகம் எங்கே வாங்குவீர்கள்?" என்றார். மச்சான் பதில் சொல்லவில்லை. "என்னுடையது கெட்டால் எதிர்க்கடையில் கிடைக்கும்" என்று சொல்லி, எங்களுக்கு ஆளுக்கொரு தேங்காய் பன் கொடுத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. வாதத்தில் வென்றவரின் தாராளம்.

லிந்தாங் சாலையில் காலைநேரத்தில் கூட்டம் இல்லை. சுண்ணாம்புக் குன்றுகள் மழைமேகத்துக்குள் பாதி மறைந்திருந்தன. எல்ஃபில் தோட்டத்துக்குத் திரும்பும் வழியைக் கடந்தபோது மச்சான் கையைக் காட்டினார். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து நாட்டில் அவசரகாலம் வந்ததும் பள்ளிப் புத்தகத்தில் இருப்பவை. மச்சானின் அப்பா அப்போது சிறுவர். மாலை ஆறு மணிக்கு மேல் லயத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர் கடைசிவரை பழக்கமாகவே வைத்திருந்தாராம். வேகமாகப் போகும் வண்டியில் இந்தப் பேச்சு வராது. எங்கள் வேகம் நாற்பத்தைந்து. சைட்காரில் இருப்பவர் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் ஓட்டுகிறவருக்குக் கேட்கிறது, முகத்தையும் பார்க்கமுடிகிறது. சாதாரண மோட்டாரில் பின்னால் இருப்பவர் ஒரு குரல் மட்டும்தான்.

மச்சான் வேலை செய்த தோட்டத்துக்குள் இறங்கினோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் லாரி நிறுத்தம். கோவிலுக்கு இன்னும் விளக்கு வைக்கிறார்கள். லயத்தில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள். கோவிலைத் தாண்டி, மச்சான் காட்ட விரும்பிய பழைய ஸ்டோர் வரைக்கும் போகும் செம்மண் பாதை முழுக்க டிராக்டர் தடம், மழையில் ஊறிக் குழைந்திருந்தது.

டிராக்டர் தடத்தின் அகலம் வேறு, நம் வண்டியின் அகலம் வேறு. மோட்டார் ஒரு தடத்தில் இறங்கினால் சைட்கார் மேட்டில் ஏறுகிறது. வண்டி சாய்ந்தபடியே ஊர்ந்தது. பாதி வழியில் பின்சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றது. மச்சான், "நெம்புகோலை இழுங்கள்" என்றார். இந்த மாடலில் சைட்கார் சக்கரத்துக்கும் எஞ்சின் பலத்தைக் கொடுக்க முடியும், அதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. இழுத்ததும் இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. வண்டி முனகிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் மேலே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சேறு. மகிழ்ச்சி தாங்கவில்லை.

அந்தக் கைப்பிடியை எடுத்துவிட மறக்கக்கூடாது. இரண்டு சக்கரத்துக்கும் இடையே டிஃபரென்ஷியல் இல்லை, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் அப்படியே போனால் வண்டி வளைய மறுத்து நேராகவே போகும்.

இந்த வெற்றியின் நடுவே, ஒரு வங்காளதேச இளைஞர் கப்சாயில் புல்லுக்கட்டோடு வந்தார். பாதையின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்திருந்த இடத்தைப் பிடித்து, காலைக்கூட ஊன்றாமல் எங்களைக் கடந்து போய்விட்டார். அவருடைய வண்டி நூறு கிலோ இருக்கும். இரண்டு சக்கர இயக்கம், கைப்பிடி, ரஷ்யப் பொறியியல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு தடம் மட்டும் போதுமானவருக்கு உலகம் எளிது.

ஸ்டோரில் கூரை இல்லை. திரும்ப இடம் போதாமல் ரிவர்ஸ் கியர் போட்டேன். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி பின்னால் போவது சின்னப் பிள்ளையைச் சிரிக்கவைக்கும் சுகம். ஆனால் அது ஆடம்பரம் அல்ல. இந்த எடையைச் சேற்றில் இருவர் தள்ளிப் பின்னே நகர்த்தமுடியாது.

திரும்பும் வழியில் மச்சான் பேச்சு நின்றுவிட்டது. ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால், ஹெல்மெட் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியபோது, "அம்மா ஏன் எங்கே கூப்பிட்டாலும் உடனே கிளம்பிவிடுகிறார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது" என்றார்.

என் முன்னங்கை இரண்டும் இப்போது கல்லாக இருக்கின்றன. தைலக் குப்பி என் பக்கம் வந்துவிட்டது.

திங்கள், ரயில் ஏறுமுன்

காலையில் கணக்குப் பேசினோம். மச்சான் ஒளிக்காமல் சொன்னார், அதனால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பராமரிப்பில் பாதி எளிது. சிலிண்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வால்வு இடைவெளி பார்க்க வண்டியைப் பிரிக்கவேண்டியதில்லை, முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம். சங்கிலி கிடையாது, தண்டு வழியாகத்தான் பின்சக்கரம் சுழல்கிறது, இறுக்கவும் எண்ணெய் போடவும் வேண்டாம். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லா எண்ணெய்களையும் மாற்றி எல்லாவற்றையும் சரிபார்க்கவேண்டும். ஃபிட்டராக இருந்தவருக்கு இது விளையாட்டு. என்னைப்போல் ஸ்பேனர் பிடிக்கவே யோசிக்கிறவருக்கு, இந்த வண்டியைத் தொடத் தெரிந்த பட்டறை கிடைப்பதே பெரிய பாடு.

மறு பாதிதான் வலி. 19 அங்குலப் பின் டயர் சாதாரண மோட்டார் டயரைவிட வேகமாகத் தேய்கிறது. வண்டி சாயாததால் நடுப்பகுதி மட்டும் தட்டையாகிவிடும். சைட்கார் சக்கரத்தை நேராகப் பார்த்து வைக்கக்கூடாது, முன்பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருக்கவேண்டும். மோட்டார் சைட்காரைவிட்டு ஒரு டிகிரிபோல வெளியே சாய்ந்து நிற்கவேண்டும். இந்த இரண்டில் எது பிசகினாலும் டயரும் தோளும் சேர்ந்து தேயும். மச்சான் நீளமான அலுமினியக் கம்பிகள் இரண்டை வைத்து அளந்து காட்டினார். ஒரு முறை பிணைப்புகளைத் தளர்த்தி இறுக்கக் காலை முழுக்கப் போய்விட்டது.

உதிரி பாகத்துக்குக் காத்திருப்பது தனிக்கதை. 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது மாஸ்கோவிலிருந்து யூரல் மலைக்குக் கிழக்கே இர்பிட் என்ற சிற்றூருக்குப் போன தொழிற்சாலை இது. கிடைத்த இடம் ஒரு பழைய பீர் ஆலை. பிஎம்டபிள்யூவின் ஆர்71 மாடலை அடியொற்றிச் செய்த எம்-72 வண்டிகள் அங்கிருந்துதான் போர்முனைக்குப் போயின. போரால் இர்பிட்டுக்கு வந்த வண்டி, இன்னொரு போரால் 2022இல் இர்பிட்டை விட்டும் கிளம்பியது. இப்போது வண்டியைப் பூட்டுவது கஸாக்ஸ்தானின் பெத்ரோபாவ்லில். மச்சான் வெளிநாட்டுக் கடை ஒன்றில் பணம் கட்டிய ஒரு சின்ன சீல், பல மாதம் கழித்து வந்தது, அதுவும் தவறான அளவில். அந்த நேரம் முழுக்க அத்தை வீட்டிலேயே இருந்தார். இதைச் சொல்லும்போதுதான் மச்சானுக்குக் கோபம் வந்தது.

காப்புறுதி எடுக்கப் போனால் முகவர்கள் படத்தைக் கேட்பார்கள், பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், பிறகு தொகையைச் சொல்வார்கள். பெட்ரோல், கார் குடிக்கிற அளவு.

பிறகு கிள்ளானைப் பற்றி யோசித்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் இது போனால் பின்னால் நூறு கப்சாய் வரிசை கட்டும். கார்த் தடத்தில் போனால் நெரிசலில் நிற்கவேண்டும். காற்றில் குளிரும் எஞ்சின் நின்ற இடத்தில் குளிராது, மத்தியான வெயிலில் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இரண்டு அடுப்பு. மோட்டார் சைக்கிளின் ஒரே சலுகையான நுழைந்து போவதும் இதற்கு இல்லை. காரின் ஒரே சலுகையான கூரையும் இல்லை. நகரத்தில் இரண்டின் குறையும் சேர்ந்தது. இங்கே, சந்தைக்கும் கோவிலுக்கும் செம்மண் பாதைக்கும் நடுவில், இரண்டின் நன்மையும் சேர்ந்தது. அதிலும் பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தால்தான்.

அத்தையிடம் கேட்டேன். "விற்றால் நான் எதில் போவேன்?" என்றார். அவ்வளவுதான் அவர் கருத்து.

மச்சான் சொன்ன விலையை நான் குறைக்கவில்லை. பாதி தருகிறேன் என்றேன். அவர் முறைத்தார். பாதி விலைக்கு முழு வண்டி அல்ல, பாதி விலைக்குப் பாதி வண்டி என்று விளக்கினேன். வண்டி இந்த வாசலிலேயே நிற்கும், பெயர் அவர் பெயரிலேயே இருக்கும். காப்புறுதியும் சாலை வரியும் டயரும் என் செலவு. ஊருக்குள் அத்தையை ஏற்றிப்போவது அவர், தூரம் போகவேண்டுமென்றால் நான் ரயிலேறி வந்து ஓட்டுவேன். மச்சான் நெடுநேரம் யோசித்துவிட்டு, "வால்வு பார்ப்பதையும் கற்றுக்கொள்ளவேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். ஒப்புக்கொண்டேன்.

மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பாதி என்றால் எந்தப் பாதி?" என்று கேட்டாள். அம்மா உட்காரும் பாதி அண்ணனுடையது, தைலம் தேய்க்கும் பாதி நம்முடையது என்றேன்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பின் டயர் இரண்டு வாங்கப் பணம் கொடுத்துவிட்டேன். ஒன்று உடனே மாற்ற, ஒன்று கையிருப்பு. வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை. அடுத்த பயணம் தைப்பிங் என்று அத்தை முடிவுசெய்து பக்கத்து வீட்டில் சொல்லியும் விட்டார்.